மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராக்களில் ஆட்டோஃபோகஸும் லென்ஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் என்ற இரண்டு மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத) வரிசைகளைப் பற்றியவை. ஹாசல்பிளாட் எச், ஃபேஸ் ஒன் எக்ஸ்எஃப், பென்டாக்ஸ் 645 போன்ற மிரர் வைத்த கேமராக்களைப் பழையதாக வாங்குபவர்களும் இருப்பதால் அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம்.

மீடியம் ஃபார்மட் என்று எந்த அளவைச் சொல்கிறார்கள்?

இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ், பென்டாக்ஸ் 645இசட் ஆகியவற்றின் சென்சார் ஏறத்தாழ 44×33 மி.மீ.; மூலைவிட்டம் 55 மி.மீ. ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150, ஹாசல்பிளாட் எச்6டி-100சி ஆகியவற்றில் 53.4×40 மி.மீ.; மூலைவிட்டம் 67 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் (36×24 மி.மீ. சென்சார்) மூலைவிட்டம் 43 மி.மீ. 44×33 சென்சாரில் லென்ஸின் குவியத் தூரத்தை 0.79-ஆல் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமுக்கு இணையான எண் வரும். 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ் அங்கே 87 மி.மீ. எஃப்/1.6 போல நடந்துகொள்ளும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது).

ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலும் இதில் ஏன் உடனே தெரிந்துவிடுகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 100 மெகாபிக்சல் 44×33 சென்சாரில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். மங்கல் இரண்டு பிக்சலைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஃப் 110 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் திறந்து 1.5 மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து வெறும் 5 மி.மீ. எஃப்/4-இல் 10 மி.மீ., எஃப்/8-இல் 21 மி.மீ. இமை முடி தெளிவாக இருந்து கருவிழி மங்கிப்போவது எஃப்/2-இல் சர்வசாதாரணம்.

அதே படத்தை ஏ3 தாளில் அச்சிட்டுக் கைநீட்டுத் தூரத்தில் பார்ப்பவருக்கு அந்த ஆழம் 14 மி.மீ. அளவுக்குத் தாராளமாகத் தெரியும். தவறு கூடிவிடவில்லை, திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதால் கண்ணில் படுகிறது. ஆனால் 100 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்தவர் 100 சதவீதத்தில் பார்க்காமல் இருக்கப்போவதில்லை.

இந்த வகைக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் வேகத்தைவிட, பத்து முறை ஃபோகஸ் செய்தால் பத்து முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்பதுதான் முக்கியம். விளம்பரத்தில் வேகத்தைத்தான் சொல்வார்கள். வேலையில் உதவுவது துல்லியம்.

ஜிஎஃப்எக்ஸ் மெனுவில் டெப்த் ஆஃப் ஃபீல்ட் (தெளிவாக விழும் ஆழம்) அளவுகோலை "பிக்சல் அடிப்படை", "ஃபிலிம் ஃபார்மட் அடிப்படை" என இரண்டு விதமாக வைக்கலாம். பெரிய அச்சுக்கும் விளம்பரப் படத்துக்கும் பிக்சல் அடிப்படையை வையுங்கள். மற்றது காட்டும் தாராளத்தை நம்பி எடுத்தால் ஏமாற்றம்தான்.

பழைய கேமராக்களில் நடுவில் மட்டும்தான் ஃபோகஸ் புள்ளி இருந்தது. ஏன்?

ஆட்டோஃபோகஸ் உள்ள முதல் மீடியம் ஃபார்மட் எஸ்எல்ஆர் 1997-இல் வந்த பென்டாக்ஸ் 645என். அதற்குப் பின் வந்த மிரர் கேமராக்கள் எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான்: பெரிய மிரருக்குப் பின்னால் ஒரு குட்டி மிரர்; அது ஒளியைக் கீழே உள்ள ஃபோகஸ் அலகுக்குத் திருப்பும். அந்தக் குட்டி மிரரும் அலகும் எட்டும் பரப்பு படத்தின் நடுப்பகுதி மட்டுமே. பென்டாக்ஸ் 645இசட்டில் 27 புள்ளிகள் இருந்தும், அந்த அலகு சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவான கே-3-இன் வழியில் வந்தது என்பதால் எல்லாம் நடுவிலேயே குவிந்து கிடக்கும். ஹாசல்பிளாட் எச், லைகா எஸ் இரண்டிலும் பயன்பாட்டில் நடுப்புள்ளி ஒன்றே.

எனவே நடுவில் கண்ணை வைத்து ஃபோகஸ் செய்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பது பழக்கமானது. அங்கேதான் வினை. எச்6டி-100சி-யில் 80 மி.மீ. லென்ஸ், 1.5 மீட்டர் தூரம், கண் படத்தின் நடுவுக்கும் மேல் விளிம்புக்கும் சரிபாதியில் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து 9.5 டிகிரி திருப்ப வேண்டும். திருப்பியதும் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 20 மி.மீ. தள்ளிப் போய்விடும். எஃப்/2.8-இல் மொத்த ஆழமே 17 மி.மீ.தான்; அதில் தளத்துக்கு முன்னால், கண் இருக்கும் பக்கம் கிடைப்பது பாதி. கண் மங்கிக் காதோர முடி பளிச்சென்று வரும் படங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

2009-இல் எச்4டி-யில் ஹாசல்பிளாட் கொண்டுவந்த ட்ரூ ஃபோகஸ் இதற்கான விடை. கேமரா எவ்வளவு திரும்பியது என்பதை உள்ளிருக்கும் சுழற்சி உணரி அளக்கும். அதற்கேற்ப லென்ஸ் ஃபோகஸைத் தானே திருத்தும். கேமராவை நின்ற இடத்தில் திருப்பினால் நன்றாக வேலை செய்யும். நீங்கள் அரையடி முன்னால் சாய்ந்துவிட்டால் அதற்குத் தெரியாது. ஃபேஸ் ஒன் 2015-இல் எக்ஸ்எஃப் கேமராவுக்கென்றே எச்ஏபி-1 என்ற புது ஃபோகஸ் அலகைச் செய்தது. ஆனாலும் படத்தின் விளிம்புவரை ஃபோகஸ் என்பது மிரர் இருக்கும்வரை நடக்காத காரியமாகவே இருந்தது.

கான்ட்ராஸ்ட் முறைக்கும் ஃபேஸ் டிடெக்‌ஷனுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? எந்த பாடியில் எது?

கான்ட்ராஸ்ட் முறையில் லென்ஸ் நகர நகர, படம் எங்கே அதிகம் கூர்மையாகிறது என்று கேமரா பார்க்கும். உச்சம் எது என்று தெரிய அதைத் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த முன்னும் பின்னுமான ஆட்டம்தான் தாமதம். நின்ற இடத்தில் துல்லியம் அபாரம். அசையும் ஆளுக்கு ஆகாது.

ஃபேஸ் டிடெக்‌ஷனில், லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். இந்தப் பிக்சல்கள் சென்சாரிலேயே பதிந்திருப்பதுதான் புதிய கேமராக்களின் பெரிய மாற்றம்.

கான்ட்ராஸ்ட் மட்டும் உள்ளவை: ஜிஎஃப்எக்ஸ்50எஸ், 50ஆர், 50எஸ் மார்க் 2, ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, எக்ஸ்1டி 2. மிரர்லெஸ்ஸில் 50 மெகாபிக்சல் என்றாலே கான்ட்ராஸ்ட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த 50எஸ் மார்க் 2 தோற்றத்தில் 100எஸ் போலவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அதில் நடுக்கத் தடுப்பு புதிது, சென்சார் பழையது.

சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்‌ஷன் உள்ளவை: 2019-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ்100 முதல், 100எஸ், 100 மார்க் 2, 100எஸ் மார்க் 2, நிலையான 35 மி.மீ. லென்ஸ் கொண்ட 100ஆர்எஃப் வரை எல்லாம். ஹாசல்பிளாட்டில் 2022-இன் எக்ஸ்2டி 100சி 294 மண்டலங்களோடு வந்தது. ஆனால் அதில் தொடர் ஃபோகஸ் இல்லை, ஒருமுறை ஃபோகஸ் மட்டுமே. 2025-இன் எக்ஸ்2டி மார்க் 2-இல்தான் தொடர் ஃபோகஸும் 425 மண்டலங்களும், தூரத்தை அளக்கும் லைடாரும் சேர்ந்தன.

மிரர்லெஸ்ஸில் லென்ஸை கேலிபரேட் செய்யத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. மிரர் கேமராவில் ஃபோகஸ் அளப்பது ஓர் இடம், படம் விழுவது வேறிடம். இரண்டு பாதைகளின் நீளமும் நூலளவு வேறுபட்டாலும் எல்லாப் படமும் ஒரே பக்கமாகத் தவறும். அதைத் திருத்தத்தான் பென்டாக்ஸ் 645இசட் போன்றவற்றில் லென்ஸ்வாரியாக நுண்திருத்தம் இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் அளப்பதும் சென்சார், படம் எடுப்பதும் சென்சார். ஒரே பக்கத் தவறு பெரும்பாலும் மறைந்துவிடும்.

மறையாத ஒன்று உண்டு: துளையை மூடும்போது ஃபோகஸ் தளமே சற்று நகர்வது. கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரமும் நடுவும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிப்பது) மிஞ்சியிருக்கும் லென்ஸ்களில் முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்து எஃப்/4-இல் எடுத்தால் கூர்மை பின்னால் போயிருக்கும். இதை கேலிபரேஷனால் தீர்க்க முடியாது. எடுக்கப்போகும் துளையிலேயே படத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்வதுதான் வழி.

பாடி புதிதாக வாங்கினேன், ஃபோகஸ் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. ஏன்?

லென்ஸைப் பாருங்கள். பாடி எவ்வளவு வேகமாகக் கட்டளையிட்டாலும், உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதியை மோட்டார் தள்ள வேண்டும். மீடியம் ஃபார்மட்டில் அந்தத் தொகுதி கனமானது.

ஜிஎஃப் வரிசையில் 110 எஃப்/2, 120 மேக்ரோ, 250 எஃப்/4, 45-100, 100-200, 500 எஃப்/5.6 ஆகியவற்றில் லீனியர் மோட்டார். பல்சக்கரம் இல்லாமல் காந்த விசையால் நேராகத் தள்ளுவதால் சத்தமும் குறைவு, நிற்கும் இடமும் துல்லியம். 63 எஃப்/2.8, 80 எஃப்/1.7, 55 எஃப்/1.7 ஆகியவற்றில் லீனியர் மோட்டார் கிடையாது. 80-இலும் 55-இலும் கனமான தொகுதியை டிசி மோட்டார் இழுக்கிறது. சின்னச் சின்ன நகர்வுகளாக உறுமிக்கொண்டே போகும். படத்தரம் அருமை. ஆனால் 80-ஐ மாட்டி, நடந்து வரும் மணப்பெண்ணைத் தொடர் ஃபோகஸில் எஃப்/1.7-இல் எடுக்க நினைத்தால் குப்பைக்குப் போகும் படங்களே அதிகம். அந்த வேலைக்கு 110-ஐ எஃப்/2.8-இல் வையுங்கள், அல்லது 45-100-ஐ மாட்டுங்கள்.

ஹாசல்பிளாட்டிலும் இதே கதை. எக்ஸ்1டி காலத்து எக்ஸ்சிடி லென்ஸ்கள், குறிப்பாக ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள 80 எஃப்/1.9, மெதுவானவை. 2022-இல் தொடங்கிய வி வரிசையில் (38வி, 55வி, 90வி, எல்லாமே எஃப்/2.5) ஃபோகஸ் தொகுதியை இலகுவாக்கி மோட்டாரையும் மாற்றினார்கள். வித்தியாசம் கையில் எடுத்த உடனே தெரியும். அவற்றின் வளையத்தை இழுத்தால் கைமுறை ஃபோகஸுக்கு மாறி, தூர அளவுகளும் தெரியும். தெருவில் தூரத்தை முன்கூட்டியே வைத்து எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

ஹாசல்பிளாட், ஷ்னைடர் க்ரோய்ட்ஸ்நாக் லென்ஸ்கள் ஏன் பெரும்பாலும் எஃப்/2-ஐத் தொடுவதில்லை என்ற கேள்வியும் இங்கேதான் வரும். அவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. துளை பெரிதானால் இதழ்களும் பெரிதாகி அதிக தூரம் ஓட வேண்டும்; வேகம் குறையும். பலன், ஃபிளாஷோடு எக்ஸ்சிடி-யில் பொதுவாக 1/2000, ஃபேஸ் ஒன்னின் ப்ளூ ரிங் லென்ஸ்களில் 1/1600 நொடி வரை போகலாம். ஜிஎஃப்எக்ஸின் ஃபோகல் ப்ளேன் ஷட்டரில் (சென்சாருக்கு முன்னால் பாடியில் இருக்கும் ஷட்டர்) 1/125 தான். நடுப்பகல் வெயிலை ஃபிளாஷால் அடக்குவதே உங்கள் பிழைப்பு என்றால், ஆட்டோஃபோகஸைவிட இந்த எண்ணைப் பார்த்துத்தான் கேமராவை முடிவு செய்ய வேண்டும்.

கேமராவை அணைத்ததும் லென்ஸுக்குள் ஏதோ ஆடுகிறது. உடைந்துவிட்டதா?

இல்லை. லீனியர் மோட்டார் லென்ஸ்களில் ஃபோகஸ் தொகுதியைப் பிடித்து வைத்திருப்பது மின்சாரம். மின்சாரம் நின்றால் அது தன் தடத்தில் முன்னும் பின்னும் சறுக்கி "டக்" என்று இடிக்கும். நடுக்கத் தடுப்பு உள்ள லென்ஸிலும் அதன் தொகுதி இப்படி ஆடும். கேமராவை இயக்கியபின்னும் ஆடினால் மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

போர்ட்ரெய்ட்டுக்கு ஃபோகஸை எப்படி அமைப்பது?

நின்றுகொண்டிருக்கும் மனிதர் சிலை இல்லை. மூச்சு விடும்போதும் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும்போதும் தலை சில மி.மீ. முன்பின் போகும். எஃப்/2-இல் கையிருப்பு 5 மி.மீ. ஃபோகஸ் பூட்டியபின் அரை நொடி காத்திருந்து எடுத்தால் கண் தளத்தை விட்டு வெளியே போயிருக்கும். கேமரா ஃபோகஸைத் துல்லியமாகவே செய்தது, ஆள்தான் நகர்ந்துவிட்டார்.

ஜிஎஃப்எக்ஸ்100 வகைக் கேமராக்களில் நம்பகமான அமைப்பு இது. ஃபோகஸ் முறை ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்). முகம், கண் கண்டறிதலை இயக்கி, கண் தேர்வை "ஆட்டோ"வில் விடாமல் கேமராவுக்கு அருகில் வரும் கண்ணை இடது அல்லது வலது என்று நீங்களே சொல்லுங்கள். முக்கால் பக்க முகத்தில் ஆட்டோ தாவித் தாவிப் போகும். அடுத்து, வெளியீடு/ஃபோகஸ் முன்னுரிமை மெனுவில் ஏஎஃப்-சி-க்கும் "ஃபோகஸ்" என்று வையுங்கள். இது "வெளியீடு" என்று இருந்தால், ஃபோகஸ் கிடைக்காமலும் ஷட்டர் விழும். பாதி அழுத்திப் பிடித்து, பெட்டி கண்ணில் நிலைத்ததும் மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். ஒரே முகபாவத்தில் ஒன்று கட்டாயம் சரியாக விழும்.

மூக்குக்கண்ணாடி போட்டவரானால் கண் கண்டறிதல் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் தொங்கும் முடி, முக்காடு, நெற்றிச்சுட்டி ஆகியவையும் அப்படியே. அங்கே கண்டறிதலை அணைத்து, ஒற்றைப் புள்ளியைச் சிறியதாக்கி நீங்களே கண்ணில் வைப்பதே மேல். ஜிஎஃப்எக்ஸில் புள்ளிகளின் எண்ணிக்கையை 117-லிருந்து 425 ஆக்கலாம். 425-இல் புள்ளி நுணுக்கமாக நகரும். நகர்த்த நேரமும் கூடும்.

50 மெகாபிக்சல் கான்ட்ராஸ்ட் கேமராவில் ஏஎஃப்-சி-யை மறந்துவிடுங்கள். ஏஎஃப்-எஸ்-இல் (ஒருமுறை ஃபோகஸ்) வைத்து எஃப்/4-க்கு மூடி, ஆளை எதிலாவது சாய்ந்து நிற்கவோ உட்காரவோ சொல்லுங்கள். தொழில்நுட்பம் செய்யாததை ஒரு நாற்காலி செய்யும்.

குறைந்த வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. என்ன செய்வது?

முதலில் விளக்கு. ஸ்டுடியோவில் மாடலிங் லைட்டை அணைத்துவிட்டு ஃபோகஸ் ஆகவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. விளக்கு இருந்தும் அலைந்தால் பார்க்க வேண்டியவை இவை.

ஃபோகஸ் புள்ளி விழும் இடத்தில் கோடோ விளிம்போ இருக்கிறதா? வெறும் கன்னம், வெற்றுச் சுவர், வெள்ளைத் துணி எதிலும் எந்த முறையும் திணறும். கோடு இருந்தும் திணறினால், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். சென்சாரில் பதிந்த ஃபேஸ் பிக்சல்கள் பொதுவாக ஒரு திசைக் கோடுகளைத்தான் நன்றாக உணரும். கிடைமட்டமான படிக்கட்டு விளிம்பில் சிக்காதது, கேமராவைச் சற்றுச் சாய்த்ததும் சட்டென்று சிக்கும். ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி நேராக்கிக்கொள்ளலாம். கேமராவை அச்சில் சுழற்றுவதால் தூரம் மாறாது.

வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் 6 ஸ்டாப்புக்கு (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) மேல் என்றால் ஃபோகஸ் செய்தபின் மாட்டுங்கள். மலிவான எல்இடி விளக்குகளின் மினுக்கம் கான்ட்ராஸ்ட் முறையைக் குழப்பும்; விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்தால் மினுக்கம் பெரும்பாலும் குறையும். ப்ரீ-ஏஎஃப் என்ற அமைப்பு பட்டனை அழுத்தும் முன்பே ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கும். பேட்டரியைக் குடிக்கும், லென்ஸும் ஓயாமல் ஓடும். அணைத்தே வையுங்கள்.

என் கேமராவும் லென்ஸும் சரியாக ஃபோகஸ் செய்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

சாதாரணமாக வேலை செய்யும் தூரத்திலேயே சோதியுங்கள். உறுதியான ட்ரைபாட், சென்சாருக்கு இணையாக ஒரு தட்டையான இலக்கு (அச்சடித்த செய்தித்தாள் போதும்), அதன் பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்த ஓர் அளவுகோல். லென்ஸ் முழுத் திறப்பில், ஷட்டர் 1/500-க்குக் குறையாமல், அல்லது ஃபிளாஷ். நடுக்கத் தடுப்பு அணைக்கப்பட்டிருக்கட்டும். மிரர் கேமராவானால் மிரரை முன்கூட்டியே தூக்கிவிடுங்கள்.

பத்துப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட வேண்டும். ஐந்து முறை முடிவிலிப் பக்கமிருந்து, ஐந்து முறை அருகிலிருந்து. பிறகு படத்தை முழுதாகப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து மூன்று படங்கள். இவைதான் ஒப்பிடுவதற்கான அளவு.

பத்தும் ஒரே பக்கமாகத் தவறினால் மிரர் கேமராவில் நுண்திருத்தம் தேவை. அருகிலிருந்து வந்தவை ஒரு பக்கமும் தூரத்திலிருந்து வந்தவை மறுபக்கமும் தவறினால் மோட்டார் அல்லது பல்சக்கரத் தொடரில் தளர்ச்சி. அது சர்வீஸ் வேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் வெளிச்சமோ இலக்கோ போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். கையால் எடுத்த மூன்றும்கூட மங்கலாக இருந்தால் ட்ரைபாட், தரை, அறைக் கதவு என்று தேட வேண்டியதுதான். மர மாடியில் நடந்தாலே 100 மெகாபிக்சலில் தெரியும்.

நடுவில் கூர்மை, மூலையில் மங்கல். லென்ஸ் பழுதா?

ஃபோகஸ் புள்ளியை அந்த மூலைக்கே நகர்த்தி அங்கே ஃபோகஸ் செய்து இன்னொரு படம் எடுங்கள். மூலை இப்போது கூர்மையானால் அது தள வளைவு: லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருக்கிறது. பழுது இல்லை, வடிவமைப்பின் குணம். நிலக்காட்சியில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸ் வைத்து எஃப்/8-க்கு மூடினால் சமாளிக்கலாம். நான்கு மூலைகளிலும் இப்படிச் செய்து பார்த்து, ஒரே ஒரு மூலை மட்டும் எப்படி ஃபோகஸ் செய்தாலும் தேறவில்லை என்றால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. வாரன்டி இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள்.

நகை, கைக்கடிகாரம் எடுக்க எஃப்/22 வரை மூடுவதைவிட ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைப்பது) மேலா?

சந்தேகமே வேண்டாம். எஃப்/22-இல் ஒளிச்சிதறலால் ஒரு புள்ளி 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், எட்டு பிக்சல். 100 மெகாபிக்சலை வாங்கிப் பத்தாக்கிவிடுகிறீர்கள்.

ஜிஎஃப் 120 மேக்ரோவை அதன் உச்சமான 1:2 உருப்பெருக்கத்தில் எடுத்துக்கொள்வோம். எஃப்/5.6 என்று வைத்தாலும் அந்த நெருக்கத்தில் நடைமுறைத் துளை எஃப்/8.4 ஆகிவிடும். ஆழம் அரை மி.மீ. படங்கள் ஒன்றன்மீது ஒன்று முப்பது சதவீதம் படிய வேண்டும் என்பதால் ஒவ்வொரு நகர்வும் 0.35 மி.மீ. 30 மி.மீ. ஆழமுள்ள பொருளுக்கு 85 படங்கள். எஃப்/8 என்றால் 60 படங்களில் முடியும், கூர்மையில் சிறு இழப்போடு.

ஜிஎஃப்எக்ஸில் டிரைவ் அமைப்பில் ஃபோகஸ் பிராக்கெட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். "ஆட்டோ"வில் பொருளின் முன்முனையை ஏ என்றும் பின்முனையை பி என்றும் குறித்தால் படங்களின் எண்ணிக்கையைக் கேமராவே கணக்கிடும். கைமுறையில் நகர்வின் அளவு 1 முதல் 10 வரை, அது மி.மீ. இல்லை, துளையைப் பொறுத்து மாறும் வெறும் எண். முதலில் 3 வைத்துப் பாருங்கள், படியாத பட்டைகள் தெரிந்தால் குறையுங்கள். இடைவெளியை ஃபிளாஷ் முழுதாக நிரம்பும் நேரத்துக்கு ஒரு நொடி கூட்டியே வையுங்கள். நடுவில் ஒரே ஒரு படம் இருண்டாலும் மொத்த அடுக்கும் கெடும். தொடர் விளக்கானால் எலக்ட்ரானிக் ஷட்டர், அதிர்வே இருக்காது. கேமரா படங்களை இணைக்காது; ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர், ஃபோட்டோஷாப் ஏதாவது ஒன்றில்தான் இணைக்க வேண்டும். பொருளின் முன்முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குங்கள். பின்னால் படம் மிஞ்சினால் எறிந்துவிடலாம். முன்னால் குறைந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

நிழல் பகுதியைத் தூக்கினால் மெல்லிய கோடுகள் வருகின்றன. சென்சார் போய்விட்டதா?

ஃபேஸ் டிடெக்‌ஷன் பிக்சல்கள் வரிசை வரிசையாக இருப்பதால் வருவது. நான்கு ஐந்து ஸ்டாப் தூக்கும்போதோ, சூரியன் நேராக லென்ஸில் விழும்போதோ தலைகாட்டும். எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் பார்க்கவே மாட்டீர்கள். வந்துவிட்டால் ராதெரபி மென்பொருளில் இதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது.

வேறு லென்ஸ்களை அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் கிடைக்குமா?

கேனன் இஎஃப் லென்ஸ்களுக்கு டெக்ஆர்ட், ஃப்ரிஞ்சர் இரண்டும் ஜிஎஃப்எக்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் அடாப்டர் செய்கின்றன. ஃபோகஸ் வரும், ஆனால் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் 43 மி.மீ. வட்டத்துக்குச் செய்தது, இங்கே தேவை 55. டெலி லென்ஸ்கள் பல தப்பிக்கும், வைட் லென்ஸ்களில் மூலை கருக்கும். ஃபியூஜியின் எச் மவுன்ட் அடாப்டரில் ஹாசல்பிளாட் எச்சி லென்ஸ்களை மாட்டலாம். லென்ஸ் ஷட்டர் 1/800 வரை வேலை செய்யும், ஃபோகஸ் கைமுறை மட்டும். இத்தனைக்கும் எச்சி லென்ஸ்களைச் செய்து கொடுத்தது ஃபியூஜிதான்! அவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் ஹாசல்பிளாட் எக்ஸ் பாடியில் எக்ஸ்எச் அடாப்டரோடு மாட்ட வேண்டும். அதுவும் எல்லா லென்ஸுக்கும் கிடையாது. லென்ஸின் ஃபர்ம்வேர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட்டால் உண்மையில் ஃபோகஸ் மேம்படுமா?

படும். எக்ஸ்2டி வெளிவந்தபோது முகம் கண்டறிதல் இல்லை. பின்னால் ஃபர்ம்வேர் வழியாகத்தான் வந்தது. பலர் பாடிக்கு மட்டும் போட்டுவிட்டு லென்ஸை விட்டுவிடுகிறார்கள். லென்ஸுக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. ஜிஎஃப்எக்ஸில் ஃபைலைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்த கார்டின் முதல் நிலையில் வைத்து, லென்ஸை மாட்டி, டிஸ்ப்/பேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேமராவை இயக்கினால் பாடி, லென்ஸ் என இரண்டின் பதிப்பும் காட்டும். பேட்டரி முழுதாக இருக்கட்டும். முதலில் பாடி, பிறகு லென்ஸ். நாளை காலை கல்யாணம் என்றால் இன்றிரவு அப்டேட் செய்யாதீர்கள்.

பறவை, விளையாட்டுக்கு இவை ஆகுமா?

முன்பு ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். 2023-இன் ஜிஎஃப்எக்ஸ்100 மார்க் 2 நொடிக்கு 8 படம், பறவை, விலங்கு, வாகனம் கண்டறிதல் என்று வந்தது; மறு ஆண்டு 1,375 கிராமில் 500 எஃப்/5.6 லென்ஸும் வந்தது. கிளையில் அமர்ந்த பறவை, சீராகப் பறக்கும் கொக்கு வரை நம்பி எடுக்கலாம். திசை மாற்றி மாற்றிப் பாயும் மீன்கொத்திக்கு ஃபுல் ஃபிரேம்தான். எலக்ட்ரானிக் ஷட்டரையும் தொடாதீர்கள். பெரிய சென்சார் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கும் நேரம் அதிகம், இறக்கை வளைந்து வரும்.

குறைந்த பட்ஜெட்டில் பழையதாக எதை வாங்கலாம்?

அசையாத பொருள், நிலக்காட்சி, ஓவியப் பிரதி என்றால் ஜிஎஃப்எக்ஸ்50எஸ் மார்க் 2-உடன் 35-70 லென்ஸ் போதும். கான்ட்ராஸ்ட் முறை இங்கே குறையே இல்லை. மனிதர்களை எடுப்பவரானால் ஒரு படி ஏறி ஜிஎஃப்எக்ஸ்100எஸ். பாடிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து 110 எஃப்/2-இல் போடுங்கள். 100எஸ்ஸோடு 110 தரும் ஃபோகஸ், 100 மார்க் 2-உடன் 80 தருவதைவிட நிம்மதியானது. ஹாசல்பிளாட் பக்கம் போனால் எக்ஸ்1டி 2-வோடு பழைய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும். பொறுமை உள்ளவருக்கு நல்ல பேரம். எச் வரிசையை வாங்கும்போது லென்ஸ் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தேய்வது பாடி மட்டுமில்லை, ஒவ்வொரு லென்ஸும்தான்.